பிரித்தல், பகுத்தல், வகுத்தல்: அகராதித் தொகுப்பாளர்களுக்கும் பாடநூல் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அகராதித் தொகுப்பாளர்களுக்கும் பாடநூல் ஆக்கக் குழுவினருக்கும் வணக்கம்.

ஒன்றாக இருப்பதைப் பலவாக்கும் செயலைச் சொல்லத் தமிழில் பிரித்தல், பகுத்தல், வகுத்தல், பிளத்தல் என்னும் வினைகள் அன்றாடம் வழங்குகின்றன. இவற்றை அறியாத தமிழர் இல்லை. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், தயங்காமல் விடை சொல்வோர் மிகச் சிலரே. அந்த விடையைத் தர வேண்டிய இடம் அகராதி. அதைப் பழக்கத்தில் ஊன்ற வேண்டிய இடம் பாடநூல். இன்று எளிதில் கைக்குக் கிடைக்கும் அகராதிகள் பலவற்றிலோ 'பகு' என்பதற்குப் 'பிரி, வகு' என்றும், 'வகு' என்பதற்குப் 'பகு, பிரி' என்றும், 'பிரி' என்பதற்குப் 'பகு, வேறாக்கு' என்றும் பொருள் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லின் பொருள் தேடி உள்ளே நுழைபவர் மூன்று பக்கங்களைப் புரட்டிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார். பாடநூல்களின் நிலை வேறு. அங்கு ஒவ்வொரு பாடமும் தனக்கென ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஏன் அந்தச் சொல் என்பதை மட்டும் எந்தப் பாடமும் சொல்வதில்லை. இச்சொற்கள் ஒருபொருள் குறித்த பல சொற்கள் அல்ல என்பதையும், அவற்றின் எல்லைகளை நம் இலக்கணமும் கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் சரியாகவே காத்து வந்துள்ளன என்பதையும், அந்த எல்லைகளை வெளிப்பட எழுதி வைப்பதே எஞ்சியுள்ள பணி என்பதையும் தங்கள்முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பிரித்தலிலிருந்து தொடங்குவது எளிது, ஏனெனில் அதுவே மிகப் பரந்து வழங்குவது. ஒன்றைப் பிரிக்க வேண்டுமானால் அதற்கு முன் அதில் உள்ளவை சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தவை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தன்மை உடையனவாக இருக்க வேண்டும். பிரிந்த பின்னும் அத்தன்மை மாறாதிருக்க வேண்டும். பாலையும் நீரையும் அன்னம் பிரிக்கும் என்பது மரபு. பகுக்கும் என்றால் செவியே ஏற்காது. கலந்திருந்த போதும் பால் பாலாகவும் நீர் நீராகவுமே இருந்தன என்பதுதான் அந்தக் கற்பனையின் அடிப்படை. கயிற்றின் புரியைப் 'பிரி' என்று பெயர்ச்சொல்லாகவே சொல்வதுண்டு. முப்பிரிக் கயிற்றின் ஒவ்வொரு பிரியும் முறுக்கேறுவதற்கு முன்பும் இருந்தது, முறுக்கு அவிழ்ந்த பின்பும் இருக்கிறது. கட்டைப் பிரிக்கிறோம், பொட்டலத்தைப் பிரிக்கிறோம், உறையிலிட்டு வந்த கடிதத்தைப் பிரிக்கிறோம், வேய்ந்த கூரையைப் பிரிக்கிறோம். இவை எவற்றிலும் எதுவும் கூறு கூறாக வெட்டப்படுவதில்லை. சேர்த்தது, கட்டியது, மடித்தது மீண்டும் விடுபடுகிறது, அவ்வளவே.

இதற்கு இலக்கணமே சான்று. அகத்திணையின் உரிப்பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம் 'புணர்தல் பிரிதல் இருத்தல் இரங்கல் ஊடல்' என்று புணர்தலுக்கு அடுத்துப் பிரிதலை வைக்கிறது. சொற்கள் ஒன்றோடொன்று சேர்வதற்கும் இலக்கணத்தில் புணர்ச்சி என்றே பெயர். மனிதர் சேர்வதற்கும் சொற்கள் சேர்வதற்கும் ஒரே பெயர் இட்ட மரபு, இரண்டிற்கும் எதிராகப் பிரிதலையே கொண்டது. ஆகவே வினாத்தாள்களில் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் 'பிரித்து எழுதுக' என்னும் கட்டளை மிகப் பொருத்தமானது. 'பூங்கொடி' என்பதைப் பிரித்தால் பூ, கொடி என்னும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. இரண்டும் தனித்து நிற்க வல்லவை. புணர்ச்சியில் தோன்றிய மெய்யெழுத்து மறைந்து இரண்டும் தம் பழைய உருவை அடைகின்றன. 'மரவேர்' என்பதைப் பிரித்தால், புணர்ச்சியில் கெட்ட மகரமும் திரும்பி வந்து, மரம், வேர் என்று ஆகிறது. பிரித்தல் என்பது இழந்த உருவை மீட்டுத் தருவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே வினாத்தாளின் சில வரிகளுக்குக் கீழே 'பகுபத உறுப்பிலக்கணம் தருக' என்று இன்னொரு வினா வருகிறது. அங்கு 'நடந்தான்' என்னும் சொல் நட, த், த், ஆன் என்று பகுக்கப்பட்டு, முதல் தகரம் நகரமாகத் திரிந்தது விகாரம் என்று காட்டப்படுகிறது. 'நட' மட்டும் தனித்து நிற்கும்; 'த்' தனித்து எதையும் சொல்லாது; 'ஆன்' என்னும் விகுதி சொல்லின் இறுதியில் நின்றால்தான் ஆண்பாலைக் காட்டும். இவை சேர்வதற்கு முன் தனித்து வாழ்ந்த சொற்கள் அல்ல, ஒரு முழுமையின் உறுப்புகள். உறுப்பு என்னும் பெயரும் அதைத்தான் சொல்கிறது. பிரித்து எழுதுவதற்கும் பகுத்து எழுதுவதற்கும் இடையே இவ்வளவு துல்லியமான வேறுபாடு ஒரே வினாத்தாளில் இருக்க, அதை ஒரு வரியிலேனும் விளக்கும் பாடப்பகுதியை நான் கண்டதில்லை. விளைவாக மாணவர்கள் இரண்டையும் 'பிரிப்பது' என்றே பேசுகிறார்கள். இரண்டாவது வினாவை முதலாவதன் கடினமான வடிவம் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள்.

பகுத்தல் என்பதன் உள்ளியல்பை எல்லாரிலும் தெளிவாகச் சொன்னவர் நன்னூலார் என்பது என் துணிபு. பகாப்பதத்துக்கு அவர் தரும் இலக்கணம் 'பகுப்பாற் பயனற்று' என்று தொடங்குகிறது. பகுக்க இயலாதது என்று அவர் சொல்லவில்லை என்பதைத் தாங்கள் கருத வேண்டும். 'நிலம்' என்னும் சொல்லை நி என்றும் லம் என்றும் எவரும் துண்டாக்கலாம்; நாவும் எழுதுகோலும் அதைத் தடுக்கப்போவதில்லை. ஆனால் துண்டாக்கியதால் பயன் இல்லை. கிடைத்த துண்டுகள் எவையும் நிலம் என்னும் பொருளுக்குப் பங்களிப்பவை அல்ல. ஆகவே பகுத்தல் என்பது வெறும் துண்டாக்கல் அன்று. கிடைக்கும் கூறுகள் முழுமைக்கு ஏதேனும் ஒரு வகையில் கணக்குச் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டு இலக்கண நூலில் இரண்டே சொற்களில் அடங்கிய இந்த வரையறையை இன்றைய அகராதிகள் எடுத்தாளாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இந்த வரையறையை அப்படியே கையிலெடுத்துக்கொண்டு கணித வகுப்புக்குள் நுழைந்து பார்க்கலாம். அங்கே பகா எண், பகு எண் என்னும் சொற்கள் இருக்கின்றன. பகா எண்ணை 'வகுபடாத எண்' என்று சிலர் எளிமைப்படுத்திச் சொல்வதுண்டு. அது மாணவரைக் குழப்பும் விளக்கம். 7 என்னும் எண்ணை 2 ஆல் வகுக்கலாம். ஈவு 3, மீதி 1. அதை 7 ஆல் வகுத்தால் மீதியே இல்லை. எந்த எண்ணையும் சுழியம் அல்லாத எந்த எண்ணாலும் வகுக்க முடியும். மீதி வருமா வராதா என்பது மட்டுமே வேறுபாடு. அப்படியிருக்க, 7 ஏன் 'பகா' எண்? 12 என்னும் எண்ணை 3 × 4 என்று எழுதும்போது 12ஐவிடச் சிறிய, 12ஐ ஆக்கித் தருகிற இரண்டு எண்கள் கையில் கிடைக்கின்றன. 7ஐ எழுத முயன்றால் 1 × 7 என்பதற்கு அப்பால் வழியில்லை. எது உள்ளே போனதோ அதுவே வெளியே வருகிறது. பகுப்பால் பயனற்றது. நன்னூலாரின் சொல் இங்கே ஓர் எழுத்துக்கூட மாறாமல் பொருந்துகிறது. மேலும், 1ஐவிடப் பெரிய ஒவ்வொரு முழு எண்ணும் பகா எண்ணாகவோ, பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில் எழுதத் தக்கதாகவோ இருக்கும். 60 என்பது 2 × 2 × 3 × 5 தான், வரிசையை மாற்றலாமே தவிர எண்களை மாற்ற முடியாது. பகுபதத்தின் அடியில் பகாப்பதமே பகுதியாக நிற்கும் என்று இலக்கணம் சொல்வதும் பகு எண்ணின் அடியில் பகா எண்களே காரணிகளாக நிற்பதும் ஒரே சிந்தனையின் இரண்டு தோற்றங்கள். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த அறைகளில் இதைக் கற்பித்துக்கொண்டிருக்கிறார்கள். பாடநூல்தான் இருவருக்கும் இடையே கதவு வைக்கவில்லை.

ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த 'பகுதி' என்னும் சொல்லில் நாம் மாணவருக்கு இழைக்கும் இன்னல் சிறிதன்று. நான்கில் மூன்று என்னும் பின்னத்தில் மேலே உள்ள 3 தொகுதி, கீழே உள்ள 4 பகுதி. பகுதி என்றால் ஒரு முழுமையின் ஒரு துண்டு என்று வீட்டிலும் தெருவிலும் கற்ற குழந்தை, நாம் எடுத்துக்கொண்ட துண்டுகளைக் குறிக்கும் 3ஐத்தான் பகுதி என்று நினைக்கும். அப்படி நினைப்பதில் அதன் பிழை எதுவும் இல்லை. பின்னத்தில் பகுதி என்பது 'பகுத்த எண்ணிக்கை', அதாவது முழுமை எத்தனை சம கூறுகளாகப் பகுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் எண். தொகுதி என்பது அக்கூறுகளுள் எத்தனை தொகுக்கப்பட்டன என்பதைச் சொல்லும் எண். இவ்வாறு சொல்லிவிட்டால் இரண்டு சொற்களும் அழகாக ஒளிவிடுகின்றன. சொல்லாமல் விட்டால் மேல், கீழ் என்று மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இலக்கண வகுப்பில் அதே சொல் வினையின் அடியைக் குறிக்கிறது. அந்தப் பகுதியும் விகுதியும் பிரகிருதி, விகிருதி என்னும் வடசொற்களின் தமிழ்வடிவங்கள் என்று கொள்வோர் பலர்; அவ்வாறு கொண்டால் அது பகு என்னும் வேருக்கே உரியதன்று, உருவத்தால் மட்டும் ஒத்து வந்த வேறு சொல். புவியியலில் பகுதி என்றால் நிலப்பரப்பு. நூலில் பகுதி என்றால் இயல்களின் தொகுப்பு. ஒரே நாளில் இத்தனை பகுதிகளைச் சந்திக்கும் மாணவருக்கு ஒரு குறிப்புக்கூட எழுதித் தராமல் இருக்கிறோம்.

வகுத்தலுக்கு வருகிறேன். இதில் செயலுக்கு முன்னால் ஓர் அளவோ விதியோ நிற்கிறது என்பதே மற்றவற்றிலிருந்து இதை வேறாக்குவது. கணக்கில் வகுக்கத் தொடங்குமுன் எதனால் வகுப்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த வகு எண் இல்லாமல் வகுத்தல் இல்லை. பகா எண் பற்றி மேலே சொன்ன வேறுபாடும் இதிலிருந்தே பிறக்கிறது: வகுத்தலில் அளவு வெளியிலிருந்து வருகிறது, பகுத்தலில் கூறுகள் உள்ளிருந்து வெளிப்படுகின்றன. அளவும் ஒழுங்கும் முன்னே நிற்பதால்தான் எதையும் துண்டாக்காத இடத்திலும் இந்தச் சொல் வருகிறது. திட்டம் வகுக்கிறோம், இலக்கணம் வகுக்கிறோம், கொள்கை வகுக்கிறோம், போரில் வியூகம் வகுத்தார்கள் என்கிறோம். இவற்றுள் எதிலும் 'பிரி' என்றோ 'பகு' என்றோ மாற்றி எழுதிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. இன்ன இடத்தில் இன்னது, இன்னாருக்கு இவ்வளவு என்று முன்கூட்டி ஒழுங்குசெய்வதே வகுத்தல். 'இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும் வல்ல தரசு' என்னும் குறளில் வகுத்தல் என்பதற்கு, காத்த பொருளை அறம் பொருள் இன்பங்களின் பொருட்டு விடுத்தல் என்று பரிமேலழகர் பொருள் காண்கிறார். இன்றைய நிதி ஒதுக்கீடு என்னும் கருத்துக்கு அது மிக நெருங்கியது. 'வகுத்தான் வகுத்த வகையல்லால்' என்னும் இடத்தில் அதே வினை ஊழை வரையறுப்பதாகிறது. விதியை வகுப்பதும் வரவுசெலவை வகுப்பதும் எண்ணை வகுப்பதும் ஒரு சொல்லில் அடங்குவது தற்செயல் அன்று.

அந்தக் குறள் அடுத்து 'கோடி தொகுத்தார்க்கும்' என்று தொடர்வதையும் கவனிக்க வேண்டும். வகுத்தலுக்கு எதிர் தொகுத்தல். தொல்காப்பிய மரபியலின் உத்திகளிலும் 'தொகுத்துக் கூறல், வகுத்துமெய்ந் நிறுத்தல்' என்று இவை இணையாகவே நிற்கின்றன. உயர்கணிதத்துக்குச் சொல் ஆக்கியவர்கள் வகையிடல் என்றும் தொகையிடல் என்றும் எதிரெதிர்ச் செயல்களுக்குப் பெயரிட்டபோது இந்தப் பழைய இணையையே எடுத்துக்கொண்டார்கள். கலைச்சொல்லாக்கத்தில் இது போற்றத்தக்க முடிவு. ஆகவே எதிர்ச்சொல்லே இச்சொற்களுக்கு நல்ல உரைகல். பிரித்தலுக்கு எதிர் சேர்த்தல், புணர்த்தல், பொருத்தல். வகுத்தலுக்கு எதிர் தொகுத்தல், எண்ணில் பெருக்கல். அகராதியில் ஒரு சொல்லின் பொருளோடு எதிர்ச்சொல்லையும் தந்துவிட்டால், நான் முதலில் குறை சொன்ன அந்த வட்டம் பெரும்பாலும் உடைந்துவிடும்.

வேதியியல் இந்த வேறுபாட்டை வேறெந்தப் பாடத்தையும்விட நன்றாகக் காத்து வைத்திருக்கிறது. கலவைகளைப் 'பிரிக்கிறோம்': வடிகட்டிப் பிரிக்கிறோம், காய்ச்சி வடித்துப் பிரிக்கிறோம், வண்ணப்பிரிகையால் பிரிக்கிறோம். உப்பு நீரைக் காய்ச்சினால் உப்பு தங்குகிறது, ஆவியான நீரைக் குளிர்வித்தால் நீரே கிடைக்கிறது. இரண்டும் கலக்குமுன் இருந்தவையே. சேர்மத்தின் கதை வேறு. நீரில் மின்சாரத்தைச் செலுத்தி இரண்டு பருமன் ஹைட்ரஜனும் ஒரு பருமன் ஆக்சிஜனும் பெறுவதை மின்னாற்பகுப்பு என்கிறோம், மின்னாற்பிரிப்பு என்பதில்லை. அந்த வாயுக்களின் இயல்பு எதுவும் நீரில் இல்லை. எரியும் ஹைட்ரஜனும் எரியத் துணைபுரியும் ஆக்சிஜனும் சேர்ந்து ஆன பொருள் தீயை அணைக்கிறது. அவை நீரில் கலந்து கிடந்தவை அல்ல, நீரை ஆக்கியவை. நீராற்பகுப்பு, பகுப்பாய்வு ஆகிய சொற்களிலும் இதே முறை. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் பாடநூல்கள் பல பக்கங்கள் செலவிடுகின்றன. பிரித்தல், பகுத்தல் என்னும் இரண்டு தமிழ் வினைகளே அந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்பதை ஒரு வரியில் சுட்டினால் அந்தப் பக்கங்களுக்கு உறுதி கூடும்.

உயிரியலில்தான் சொல் நிலைகொள்ளாமல் தடுமாறுகிறது. ஓர் உயிரணு இரண்டாக ஆவதைச் சில நூல்கள் செல் பகுப்பு என்கின்றன, சில செல் பிரிதல் என்கின்றன, இலங்கை நூல்கள் கலப்பிரிவு என்கின்றன. இத்தடுமாற்றத்துக்கு இலக்கணக் காரணம் ஒன்று உண்டு; அதை எவரும் சொல்லாததால் சொல்கிறேன். பிரி என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் இன்றும் வழங்குகிறது: பிரிந்தது, பிரித்தது. பகு என்பதற்குப் பழந்தமிழில் தன்வினை இருந்தது; இன்று பகுத்தான் என்னும் பிறவினைதான் எஞ்சியுள்ளது. வகு என்பதும் இன்று பிறவினையே. ஆகவே தானாக நிகழும் ஒன்றைச் சொல்ல நேரும்போது 'செல் பகுக்கிறது' என்று எழுத முடியாமல், 'பகுப்படைகிறது' என்று சுற்றி வர வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைத் தவிர்க்கவே பலர் 'பிரிகிறது' என்று எழுதுகிறார்கள். பொருளை நோக்கினாலும் பிரிவு என்பதற்கு ஒரு நியாயம் உண்டு. மனித உடலணு ஒன்றின் 46 குரோமோசோம்களும் முன்கூட்டியே இரட்டித்துக்கொண்டு, பின்னர் விலகுவதால், பிறக்கும் இரண்டு அணுக்களிலும் 46 என்ற எண்ணிக்கையே இருக்கிறது. பகுப்பு என்றால் பங்கு என்று பழகிய மாணவர் ஏன் 23 ஆகவில்லை என்று கேட்பது இயல்பு. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போதுதான் எண்ணிக்கை 23 ஆகக் குறைகிறது. அதைக் குன்றல் பகுப்பு என்றும் ஒடுக்கற்பிரிவு என்றும் இரு மரபுகளும் அடைமொழி இட்டுக் காட்டுகின்றன. எந்தச் சொல்லை விடுவது என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள். எதைக் கொண்டாலும் அதற்குரிய விளக்கத்தை உடன் தாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பிளத்தலைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் விசை உண்டு, ஒரு கோடு உண்டு, விளையும் துண்டுகள் இன்னவாக இருக்க வேண்டும் என்னும் ஒழுங்கு இல்லை. யுரேனிய அணுக்கரு நியூட்ரானை ஏற்று உடையும்போது சமமற்ற இரண்டு துண்டுகளாக உடைகிறது, ஒவ்வொரு முறையும் அதே இரண்டு துண்டுகளாக உடைவதும் இல்லை. ஆகவே அணுக்கருப் பிளவு என்னும் சொல்லுக்கு நிகர் வேறில்லை. கட்சி பிளந்தது என்பதற்கும் கட்சி பிரிந்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதழாளர்கள் தம் காதாலேயே உணர்ந்து எழுதுகிறார்கள்.

இவ்வேறுபாடுகள் நூலோர் கற்பித்தவை, வழக்கில் இல்லாதவை என்று சிலர் கூறக்கூடும். திருக்குறளை மட்டுமே எடுத்துக்கொள்வோம். உணவைப் பங்கிட்டு உண்பதற்குப் 'பகுத்துண்டு' என்கிறார் வள்ளுவர். பகைவருக்குத் துணையானவர்களை அவரிடமிருந்து விலக்குவதற்குப் 'பிரித்தலும்' என்கிறார், அதற்கு எதிராக அதே குறளில் 'பொருத்தலும்' என்கிறார். பொருளை ஒழுங்குசெய்து செலவிடுவதற்கு 'வகுத்தலும்' என்கிறார். மூன்றும் இடம் மாறவில்லை. 'பகச்சொல்லிக் கேளிர்ப் பிரிப்பர்' என்னும் குறளில் பகு, பிரி இரண்டும் அடுத்தடுத்தே வருகின்றன, முன்னது மேற்சொன்ன பழைய தன்வினையிலிருந்து: உறவு விரிசல் காணும்படி பேசுகிறார்கள், அதன் பயனாய்ச் சுற்றத்தார் விலகுகிறார்கள். இரண்டும் ஒன்றானால் வள்ளுவர் கூறியது கூறியவர் ஆகிவிடுவார். பகு என்னும் இவ்வேரிலிருந்தே பால், பாதி, பகல் முதலியன கிளைத்தன என்று பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி காட்டும். நுகத்தடியின் நடுவே அதை இரு பாதியாக்கி நிற்கும் ஆணிக்குப் 'பகல்' என்றே பட்டினப்பாலையில் பெயர். வணிகரின் நடுநிலைக்கு அதை உவமையாக்குகிறது அப்பாட்டு. ஆண்பால், பெண்பால் என்று பயிலும் மாணவரும், அறத்துப்பால் என்னும் தலைப்பைப் படிப்பவரும் பகுத்தல் என்னும் கருத்தைத்தான் அறியாமல் கையாளுகிறார்கள்.

வழக்கு எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அகராதி அதையும் மறைக்கக் கூடாது. பொதுச் செயலுக்காகப் பலரிடமிருந்து 'பணம் பிரிக்கிறார்கள்' என்றால் திரட்டுகிறார்கள் என்று பொருள். கிடைத்த பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று 'பிரித்துக்கொண்டார்கள்' என்றால் பங்கிட்டார்கள் என்று பொருள். ஒரே சொல் எதிரெதிரான இரு செயல்களைக் குறிக்கிறது. முதல் வழக்கில், ஒவ்வொருவர் கைப்பொருளிலிருந்தும் ஒரு தொகை பிரிந்து வருகிறது என்னும் கருத்து இருக்கலாம் என்பது என் ஊகம். எப்படியாயினும் இந்தப் பொருள் பல அகராதிகளில் இடம்பெறவே இல்லை. பாகப்பிரிவினை என்னும் சொல்லில் இரண்டு நிகழ்வுகள் ஒருங்கே கிடக்கின்றன: சொத்து பாகங்களாகிறது, கூட்டாக இருந்த உரிமையாளர்கள் பிரிகிறார்கள். அதிகாரப் பகிர்வு என்பதும் அதிகாரப் பிரிவினை என்பதும் வேறு. முன்னது அதிகாரத்தைப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது, பின்னது சட்டம் இயற்றுவோரும் அதை நிறைவேற்றுவோரும் நீதி வழங்குவோரும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் புகாதிருப்பது. செய்தித்தாள்களில் இவை இடம் மாறி வருவதைப் பலமுறை காணலாம். 'பகிர்' என்பது இப்போது, கொடுத்தவரிடம் எதுவும் குறையாமல் செய்தியையும் படத்தையும் பிறருக்கு அனுப்புவதற்கும் வழங்குகிறது. இது பிழை அன்று, சொல்லின் வளர்ச்சி. பதிவு செய்யப்பட வேண்டியது.

ஆகவே அகராதித் தொகுப்பாளர்களிடம் நான் கேட்பது, இந்த வினைகளுள் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாக எழுதுவதோடு நிறுத்தாமல், செயலுக்கு முன் பொருள் எந்நிலையில் இருந்தது, செயலுக்குப் பின் என்னவாயிற்று என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லி, எதிர்ச்சொல்லையும், ஒன்றை மற்றொன்றால் மாற்ற முடியாத ஓர் எடுத்துக்காட்டையும் சேர்க்க வேண்டும் என்பதே. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி தன்வினையையும் பிறவினையையும் தனித்தனியே காட்டி இலக்கிய மேற்கோள்களையும் தந்தது. அதற்குப் பின் வந்த கையடக்கப் பதிப்புகள் பல இடத்தைச் சிக்கனப்படுத்தியபோது முதலில் கழித்தது இவற்றைத்தான். இன்று திரையில் படிக்கும் அகராதிக்கு இடப் பற்றாக்குறை என்னும் காரணமும் இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றித் தரும் மென்பொருள்களும் இத்தகைய பதிவுகளையே உண்டு வளர்வதால், பகு என்பதும் பிரி என்பதும் ஒன்று என்று நாம் எழுதி வைத்தால் அவையும் அப்படியே திருப்பிச் சொல்லும்.

பாடநூல் குழுவினரிடம் கேட்பது அதைவிடச் சிறியது. பேச்சில் எவரும் எந்தச் சொல்லையும் சொல்லட்டும். 'பிரித்துக் கொடு' என்று தாய் சொன்னால் அதைத் திருத்தப் பாடநூல் புறப்பட வேண்டாம். கலைச்சொல்லாக இச்சொற்கள் முதன்முதலில் வரும் இடங்களில், பகாப்பதத்தைக் கற்பிக்கும் பக்கத்தில் பகா எண்ணையும், கலவையைப் பிரிப்பதைக் கற்பிக்கும் பக்கத்தில் 'பிரித்து எழுதுக' என்பதையும் ஓரத்தில் ஒரு குறிப்பாகச் சுட்டினால் போதும். அவற்றுள்ளும் எதை முதலில் செய்வது என்று கேட்டால் 'பகுதி' என்னும் சொல்லையே காட்டுவேன். கணிதம், தமிழ், புவியியல் ஆகிய பாடங்களின் ஆசிரியர் குழுக்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தால், பின்னத்தின் கீழுள்ள எண்ணுக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஆறாம் வகுப்பு மாணவருக்குப் புரியும் மொழியில் நான்கு வரிகள் எழுதுவது ஒரு பிற்பகலில் முடிகிற பணி. அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் அந்த நான்கு வரிகளை எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நூல்களைத் தொடர்ந்து பயன்படுத்தி வரும் வாசகர்